அதிபரின் நண்பர் அதிபரின் போரை எதிர்த்தார்: மார்ட்டின் லூதர் கிங்கின் கடைசி ஆண்டு

நெகிரி செம்பிலான், லாபு வட்டாரத்தில் ஃபெல்டா எல்.பி.ஜே. என்றொரு குடியேற்றம் இருக்கிறது. எல்.பி.ஜே. என்றால் லிண்டன் பி. ஜான்சன். அமெரிக்க அதிபராக இருந்தபோது 1966 அக்டோபரில் மலேசியாவுக்கு வந்து சென்றவர். அந்த வருகையின் நினைவாக வந்த பெயர் அது. அவர் இங்கு வந்த நேரத்தில் வியட்நாமில் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதே போருக்காக அதே அதிபரை எதிர்த்துப் பேசி, ஆண்டுக்கணக்கில் சேர்த்த நற்பெயரில் பெரும்பகுதியை ஒரே மாலையில் இழந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்.

கிங் என்றதும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட 1963 வாஷிங்டன் பேரணிதான் நினைவுக்கு வரும். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து அவர் ஆற்றிய உரையைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கு அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது அந்த உரைதான்.

1929 ஜனவரி 15ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தையும் தாய்வழிப் பாட்டனும் பாதிரியார்கள். 15 வயதில் கல்லூரிக்குள் நுழைந்த கெட்டிக்காரர். பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது இசை பயின்றுகொண்டிருந்த கொரெட்டாவைச் சந்தித்து 1953இல் மணந்தார். அடுத்த ஆண்டு மாண்ட்கோமரியில் ஒரு சிறிய தேவாலயத்தில் பாதிரியாராகச் சேர்ந்தார்.

அந்த ஊரில்தான் 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார். தொடர்ந்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய கிங்குக்கு அப்போது வயது 26. வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் அசையவில்லை. காந்தியின் வழியை நேரில் அறிந்துகொள்ள 1959இல் மனைவியோடு இந்தியா சென்று ஒரு மாதம் சுற்றினார். சென்னைக்கும் வந்தார், கன்னியாகுமரிக் கடலையும் பார்த்துவிட்டுப் போனார். 1964இல், 35 வயதில், நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய 54,000 அமெரிக்க டாலர் பரிசுப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் முழுவதையும் இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஜான்சனும் கிங்கும்

ஜான்சன் தென்மாநிலத்து வெள்ளையர், டெக்சஸ்காரர். கறுப்பின மக்கள் அவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டு ஜான்சன் பதவிக்கு வந்ததும் கதை மாறியது. உணவகம், தங்கும் விடுதி, வேலை இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை 1964 ஜூலையில் நிறைவேற்றினார். 1965 ஆகஸ்டில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டமும் வந்தது. இரண்டிலும் அவர் கையெழுத்திட்டபோது கிங் அருகில் இருந்தார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார் ஜான்சன். வறுமையை ஒழிக்கவும் தனித் திட்டம் தொடங்கினார். நூறு ஆண்டுகளில் எந்த அதிபரும் கறுப்பின மக்களுக்கு இவ்வளவு செய்ததில்லை.

மறுபக்கம் போர். 1964 ஆகஸ்டில் டொங்கின் வளைகுடாத் தீர்மானம் கீழவையில் எதிர்ப்பே இல்லாமலும் செனட்டில் 88க்கு 2 என்ற கணக்கிலும் நிறைவேறியது. போரை நடத்த அதிபருக்கு அது அகலத் திறந்த கதவு. 1965 மார்ச்சில் டானாங் கடற்கரையில் 3,500 வீரர்கள் இறங்கினர். அந்த ஆண்டு முடியும்போது அங்கு ஏறக்குறைய 1,84,000 அமெரிக்க வீரர்கள் இருந்தனர்.

கிங் 1965இலேயே வாயைத் திறந்தார். குண்டு வீச்சை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்றார். உடனே அடி விழுந்தது. அதிபருக்கு வேண்டிய செனட்டர் ஒருவர் வெளிப்படையாகக் கண்டித்தார். கிங்கின் சொந்த அமைப்பில் இருந்தவர்களே பின்னால் நிற்கத் தயங்கினார்கள். அவர் பின்வாங்கினார். அடுத்த ஒன்றரை ஆண்டில் இதுபற்றி அதிகம் பேசவில்லை.

இந்த அமைதியை மூடி மறைக்க வேண்டியதில்லை. கிங்கும் மனிதர்தான், அவருக்கும் கணக்குகள் இருந்தன. அதிபரைப் பகைத்துக்கொண்டால் ஏழைகளுக்கான திட்டங்களுக்குப் பணம் யார் தருவார்? அந்தக் காலத்தில் வீட்டில் துணிச்சலாக இருந்தவர் கொரெட்டாதான். 1965இலேயே போர் எதிர்ப்புக் கூட்டங்களில் மேடையேறிப் பேசினார். கணவர் போக முடியாத இடத்துக்கு மனைவி போனார்.

1967 ஜனவரியில் கிங் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். வழியில் விமான நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு சஞ்சிகையைப் புரட்டினார். நேப்பாம் குண்டில் வெந்துபோன வியட்நாமியக் குழந்தைகளின் படங்கள் அதில் இருந்தன. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார் என்று உடனிருந்த உதவியாளர் பின்னர் சொன்னார். அதன்பின் அவர் தயங்கவில்லை.

ரிவர்சைட் தேவாலயத்தில்

1967 ஏப்ரல் 4. நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் 3,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். குறிப்பே இல்லாமல் மணிக்கணக்கில் பேசக்கூடியவர் அன்று எழுதி வந்ததை வாசித்தார். ஒரு சொல்கூடப் பிசகக்கூடாது என்ற கவனம் அதில் தெரிந்தது.

ஏழைகளுக்கு ஒதுக்கிய பணத்தைப் போர் விழுங்குகிறது என்பது அவர் காட்டிய முதல் காரணம். இரண்டாவது, யாருடைய பிள்ளைகள் சாகிறார்கள் என்பது. கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவையைத் தள்ளிப்போடச் சலுகை இருந்தது. கல்லூரி வாசலைப் பார்க்காத ஏழை வீட்டுப் பையன்களுக்கு அது இல்லை. தாய்நாட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க முடியாத வெள்ளைப் பையனையும் கறுப்புப் பையனையும், அந்நிய நாட்டில் ஒரு கிராமத்தைக் கொளுத்துவதற்கு மட்டும் ஒன்றாக நிறுத்துகிறார்கள் என்றார். நகரச் சேரிகளில் கோபத்தோடு திரியும் இளைஞர்களிடம் வன்முறை வேண்டாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் வியட்நாமில் அரசாங்கம் செய்வது என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. உலகிலேயே அதிக வன்முறையைப் பரப்புவது தன் சொந்த அரசாங்கம்தான் என்று அவர் சொன்னது அங்கிருந்துதான் வந்தது. கேட்டவர்களை அதிகம் சுட்டதும் அந்த வார்த்தைகள்தான்.

குறைமட்டும் சொல்லிவிட்டு இறங்கவில்லை. குண்டு வீச்சை நிறுத்துவதில் தொடங்கி, படைகளைத் திரும்பப் பெற நாள் குறிப்பது வரை ஐந்து படிகளை வரிசையாக வைத்தார்.

மறுநாளிலிருந்து வந்தது புயல். நியூயார்க் டைம்ஸ், இரு வேறு பிரச்சினைகளை ஒன்றாக்கி இரண்டையும் கெடுக்கிறார் என்று தலையங்கம் தீட்டியது. வாஷிங்டன் போஸ்ட், அவர் தம் மக்களுக்குப் பயன்படும் தகுதியையே குறைத்துக்கொண்டார் என்றது. லைஃப் சஞ்சிகை, எதிரியின் வானொலி பேசுவதுபோல் இருப்பதாக எழுதியது. இவையெல்லாம் வெளியார் குரல்கள்; பொறுத்துக்கொள்ளலாம். சொந்த மக்கள் கைவிட்டதுதான் அதிகம் வலித்தது. கறுப்பினத்தவரின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., ஒரே வாரத்துக்குள் அவருடைய போக்குக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அவருக்கு முன்பே நோபல் அமைதிப் பரிசு வாங்கிய ரால்ஃப் பன்ச் கண்டித்தார். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், நெருங்கிய நண்பராக இருந்தும் தம்மால் இதை ஏற்க முடியவில்லை என்று எழுதினார். கருத்துக் கணிப்பில் அமெரிக்கர்களில் நான்கில் மூவர் அவர் நிலைப்பாட்டை ஏற்கவில்லை. கறுப்பினத்தவரிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் மாறுபட்டார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் கோழைகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் கேட்டது நம் ஊரிலும் கேட்கப்படும் கேள்விதான். இவ்வளவு செய்த மனிதரை நடுச்சந்தியில் நிறுத்துவது செய்நன்றி மறப்பது ஆகாதா? கிடைத்ததைக் காப்பாற்றிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டு வாங்குவதுதானே விவேகம்? பெற்ற சட்டங்களின் ஈரம் காயவில்லை. காங்கிரஸில் பணம் ஒதுக்க வைக்க வெள்ளை மாளிகையின் தயவு வேண்டும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. கிங்குக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அத்தனை நாள் வாய்மூடி இருந்தார். ஆனால் சட்டத்துக்குக் காட்டும் நன்றியை வேறொரு நாட்டுக் குழந்தையின் உடலால் செலுத்த அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளை மாளிகையின் கதவு மூடிக்கொண்டது. எஃப்.பி.ஐ.யின் கண்காணிப்பு தொடர்ந்தது. உரை நிகழ்த்திய 11ஆம் நாள், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து ஐ.நா. தலைமையகம் வரை லட்சத்துக்கு மேற்பட்டோர் நடந்த பேரணியில் முன்வரிசையில் நின்றார். அம்மாதக் கடைசியில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி இராணுவத்தில் சேர மறுத்தபோது அவருக்கு ஆதரவாகவும் பேசினார்.

1968 மார்ச் 31ஆம் நாள் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டு வீச்சை நிறுத்துவதாகவும் மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். போர் அவரையும் தின்றுவிட்டது. அப்போது கிங்கின் கவனம் மெம்பிஸ் நகரில் இருந்தது. குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்துபோனதை அடுத்து அங்கு 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போனவர், ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, தங்கியிருந்த லொரேன் விடுதியின் மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிவர்சைட் உரைக்குச் சரியாக ஓராண்டு. வயது 39.

அட்லாண்டாவில் கோவேறு கழுதைகள் இழுத்த பண்ணை வண்டியில் அவர் உடல் சென்றது. பின்னால் பெருங்கூட்டம் நடந்தது. ஜான்சன் வரவில்லை, துணை அதிபர் ஹம்ஃப்ரியை அனுப்பினார்.

ஏப்ரல் 27ஆம் நாள் சென்ட்ரல் பூங்காவில் மீண்டும் ஒரு போர் எதிர்ப்புக் கூட்டம். கணவரை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகாத கொரெட்டா மேடைக்கு வந்தார். இறந்த அன்று கிங்கின் சட்டைப் பையில் சில குறிப்புத் தாள்கள் இருந்தன. அவற்றில் வியட்நாம் போர் பற்றி அவர் எழுதி வைத்திருந்த பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்கு வாசித்தார்.