நிலவுக்குப் போகாத பீரங்கி



இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இப்போ பிளேஸ்மெண்ட் நேரம். எந்த கம்பெனி எச்.ஆர். வந்தாலும் ஒரு கேள்வி நிச்சயம்: இன்னும் ஐந்து வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க? நாமும் ஒரு பதிலை மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம். ஐந்து வருஷம் இல்லை, நூறு வருஷம் தாண்டி யோசித்த ஒருத்தரைப் பத்தி இந்த மாசம் பார்க்கலாமா? அவர் பேரு ஜூல்ஸ் வெர்ன்.

1828-ல் பிரான்ஸின் துறைமுக நகரமான நாந்தில் பிறந்தார். அப்பா வக்கீல். மூத்த பையன் தன் அலுவலகத்தை ஏற்று நடத்தணும்னு அப்பாவுக்கு ஆசை. அதுக்காகவே பாரீசுக்குச் சட்டம் படிக்க அனுப்பினார். இவரோ நாடகம் எழுதிக்கிட்டு இருந்தார். நம்ம வயசுல, அதாவது 21-ல், ஜூல்ஸ் வெர்ன் ஒரு சட்டக் கல்லூரி மாணவர், அவ்வளவுதான். பட்டம் வாங்கினார், ஆனால் ஊருக்குத் திரும்பி வக்கீல் ஆக மறுத்துட்டார்.

நாடகங்கள் சோறு போடவில்லை. 1857-ல் கல்யாணம். மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். குடும்பத்தைக் காப்பாற்றப் பாரீஸ் பங்குச் சந்தையில் வேலைக்குச் சேர்ந்தார். எழுத்தை மட்டும் விடவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து அறிவியலும் புவியியலும் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். 1863-ல், பலூனில் ஆப்பிரிக்காவைக் கடக்கும் கதையைப் பதிப்பாளர் ஹெட்சல் வெளியிட்டார். அது ஹிட். அப்போ அவருக்கு வயசு 35.

அதே சமயத்துல அவர் இன்னொரு நாவலும் எழுதி ஹெட்சலிடம் கொடுத்தார். 1960-களின் பாரீஸ் எப்படி இருக்கும்னு கற்பனை. அதுல எரிவாயுவில் ஓடும் கார்கள் வருது. எழுத்தையும் படத்தையும் தூரத்துக்கு அப்படியே அனுப்பும் தந்தி வருது. பியானோ அளவுக்குக் கணக்குப் போடும் இயந்திரங்கள் வருது. கதாநாயகன் ஒரு கவிஞன். எல்லோரும் பொறியியலும் பணமும் மட்டுமே பேசும் நகரத்தில் அவனுக்கு இடமில்லை. கடைசியில் பசியோடு பனியில் அலைந்து கல்லறைத் தோட்டத்தில் விழுகிறான். இதை யாரும் நம்ப மாட்டாங்க, வெளியிட்டா உங்க பேருதான் கெடும்னு ஹெட்சல் திருப்பிக் கொடுத்துட்டார். வெர்னும் அதைத் தூக்கி வச்சுட்டார்.

அடுத்து 1865-ல் நிலவுப் பயணக் கதை. ஃபுளோரிடாவில் 900 அடி நீளத்தில் ஒரு பீரங்கியைப் பூமிக்குள் வார்த்து, மூணு பேரைக் குண்டுக்குள் உட்கார வைத்து நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். 1870-ல் வந்த இரண்டாம் பாகத்தில் குண்டு பசிபிக் கடலில் வந்து விழுது. 1969-ல் அப்பல்லோ 11 கிளம்பியது ஃபுளோரிடாவில், போனது மூணு பேர், இறங்கியது பசிபிக்கில். இந்த ஒற்றுமையை வாட்ஸ்அப்பில் நிறைய பேர் அனுப்புவாங்க. தீர்க்கதரிசி, அது இதுன்னு.

ஆனா நாம இன்ஜினியரிங் மாணவர்கள் இல்லையா, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 900 அடின்னா சுமார் 274 மீட்டர். அந்தத் தூரத்துக்குள்ள வேகம் பூஜ்யத்திலிருந்து நொடிக்கு 11 கிலோமீட்டராக ஏறணும். பிளஸ் ஒன்னில் படிச்ச இயக்கச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்க. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 20,000 மடங்குக்கு மேல வரும். அப்பல்லோ வீரர்கள் கிளம்பும்போது தாங்கியது சுமார் 4 மடங்குதான். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் குண்டுக்கு அடியில் தண்ணீர் வைத்தார், பாவம். அந்த மூணு பேரும் பீரங்கியைத் தாண்டும் முன்னாடியே நசுங்கியிருப்பாங்க.

இதே கணக்கை நமக்கு முன்னாடியே சிலர் போட்டுட்டாங்க. ரஷ்யாவில், சின்ன வயசிலேயே காது கேட்காமல் போன பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி வெர்னைப் படித்தார். பீரங்கி உதவாது, வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறணும், அதுக்கு ராக்கெட்தான் சரின்னு முடிவுக்கு வந்தார். 1903-ல் அவர் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டைத்தான் இன்னிக்கும் ஏரோ பசங்க படிக்கிறாங்க. ஜெர்மானிய ராக்கெட் முன்னோடி ஓபெர்த்தும் சிறுவனாக அதே புத்தகத்தைப் படித்து, அதே தவறைக் கண்டுபிடித்தவர்தான். வெர்ன் சொன்ன வழி தப்பு. ஆனா அவர் அப்படி நம்பர் போட்டு எழுதாம, மந்திரத்தால் நிலவுக்குப் போனாங்கன்னு எழுதியிருந்தா, சரிபார்க்க யாருக்கும் ஒண்ணும் இருந்திருக்காது.

1871-ல் அமியேன் நகரில் குடியேறினார். 1886-ல் மனநிலை பாதிக்கப்பட்ட அண்ணன் தம்பி வழிப் பையன் சுட்டதில் ஒரு கால் ஊனமானது. அதுக்குப் பிறகும் நகரசபை உறுப்பினராக இருந்தார், எழுதினார். 1905-ல் காலமானார்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்த நாவல்? 1989-ல் அவருடைய கொள்ளுப்பேரன், பூட்டிக் கிடந்த ஒரு இரும்புப் பெட்டியில் அதைக் கண்டெடுத்தார். 1994-ல் புத்தகமாக வந்தது. கார், கணக்கு இயந்திரம் எல்லாம் பலித்திருந்தது. ஆனா அந்த 1960-களிலும் வங்கியில் ஒரு பிரம்மாண்டமான பேரேட்டில் மனுஷங்க கையால்தான் கணக்கு எழுதுறாங்க! கணக்குப் போடும் இயந்திரமே கணக்கை நினைவிலும் வச்சுக்கும்னு, தினமும் பங்குச் சந்தைக்குப் போய்வந்த அந்த மனுஷருக்குத் தோணவே இல்லை.

இன்னொண்ணும் பலிக்கவில்லை. இயந்திர உலகத்தில் எழுதுகிறவன் பட்டினி கிடப்பான்னு பயந்தாரே, அந்த இயந்திரங்களைப் பற்றி எழுதித்தான் அவர் வாழ்ந்தார். உலகிலேயே அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவரானார்.

ஏ.ஐ. வந்தா நம்ம வேலை என்னாகும்னு ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணி வரை பேசுறோமே, அப்போ இவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. நாம சொல்ற பதிலிலும் எங்கேயோ ஒரு கையெழுத்துப் பேரேடு ஒளிஞ்சிருக்கும். அது எதுன்னு இப்போ நமக்குத் தெரியாது. இருந்தாலும் வெர்ன் மாதிரி நம்பரோட சொல்லுங்க. தப்பா இருந்தா ஜூனியர் பசங்க சரி பண்ணிக்குவாங்க.