கேரி கில்டால் சரிதம்

விஸ்வநத்தத்திலும் அதனை யடுத்த சிவகாசியிலும் அச்சகங்களை அறியாதார் இலர். அவ்வச்சகங்களில் வேலை பார்ப்போர், புதிய அச்சுப்பொறி யொன்று வந்திறங்கியவுடன் முதற்கண் வினவுவது, அதற்குரிய டிரைவர் உளதா என்பதேயாம். டிரைவர் என்னுஞ் சொல் ஈண்டு வண்டி யோட்டுபவனைக் குறியாது. கணினியின் ஆணையை அப்பொறிக்கு விளங்குமாறு மாற்றி யுரைக்கும் சிறு நிரலைக் குறிக்கும். தமிழில் அதனை இயக்கி யென்ப. பொறியும் பழுதின்றிக் கணினியும் பழுதின்றி யிருப்பினும், இடைநிற்கும் இயக்கி இல்வழி ஒரு தாளும் அச்சேறாது. இத்தகைய நிரலுக்குச் சிறு கணினிகளில் தனியிடம் வகுத்து, அதனைப் பொறி செய்வோர் தாமே எழுதிக்கொள்ள வழி திறந்தவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர். அவரைப் பற்றி உலகில் வழங்குங் கதை, அவர் இழந்த செல்வத்தைப் பற்றியதாகவே யுளது. அவர் செய்த வேலையை எடுத்துரைப்பார் சிலரே. ஆதலின் நாம் வேலையை விரித்தும், இழப்பைச் சுருக்கியும் கூறப் புகுந்தோம்.

கில்டால் 1942 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆம் நாள் சியாட்டில் நகரிற் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் மாலுமிகட்குக் கப்பற்கலை கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தி வந்தனர். தாமும் கணித ஆசிரியராதல் வேண்டுமென்றே அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆயின் அங்கிருந்த கணினி அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1972 இல் டாக்டர் பட்டம் பெற்றார். கடற்படைப் பணியின் பொருட்டு, கலிபோர்னியாவில் மான்டெரே என்னும் ஊரிலுள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார். ஆசிரியராகும் விருப்பம் இவ்வாறு வேறொரு வழியால் நிறைவேறிற்று.

அக்காலை இன்டெல் நிறுவனத்தார் 1971 இல் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி அவர் கண்ணிற் பட்டது. அச்சிறு சில்லைப் பிறர் போக்குவரத்து விளக்குக்கும் கணக்குப் பொறிக்கும் உரியதென்று எண்ணியிருக்க, இவர் அதனைக் கணினியாகவே கண்டார். இன்டெல் நிறுவனத்திற்கு ஆலோசகராகி, நுண்செயலிகட்கென்று பி.எல்.எம். என்னும் நிரல்மொழியை 1973 இல் ஆக்கினார். அச்செயலிகளைப் போலவே நடந்து காட்டும் போலி நிரல்களையும் எழுதினார். சில்லு கைக்கு வருமுன்னரே, அதற்கென எழுதிய நிரலைப் பெருங்கணினி யொன்றில் ஓட்டிப் பிழை களைய இவை உதவின.

அடுத்து அவர் நாடியது பிளாப்பித் தட்டு. தட்டை ஓட்டும் பொறி கிடைத்தது. அதனைச் செயலியோடு இணைக்கும் மின்சுற்றைச் செய்ய அவர் முயன்றும் இயலவில்லை. ஜான் டோரோடு என்னும் நண்பர் அதனைச் செய்து தந்தார். 1974 இல், பசிபிக் குரோவ் என்னும் ஊரில், அத்தட்டில் எழுதவும் படிக்கவும் வல்ல இயங்குதளம் உயிர்பெற்றது. அதுவே சி.பி.எம். எனப்படுவது.

இனி வந்ததே உண்மையான இடர். அந்நாளிற் கணினி செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தட்டுப்பொறியும் திரையும் விசைப்பலகையும் அமைத்தனர். ஒருவர் பொறியில் ஓடும் நிரல் மற்றவர் பொறியில் ஓடாது. புதியதொரு பொறி வருந்தோறும் கில்டால் தம் இயங்குதளத்தினுட் புகுந்து, ஆங்காங்குச் சிதறிக் கிடந்த வரிகளைத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் திருத்தினால் மற்றோரிடத்திற் பிழை முளைக்கும். இம்சாய் என்னும் நிறுவனத்தார் தம் பொறிக்கும் சி.பி.எம். வேண்டுமென்று கேட்டபோது, அவர் இவ்வேலையை மீண்டுஞ் செய்ய மனமின்றி, நிரலையே இரண்டாகப் பிளந்தார். கோப்புகளைப் பெயரிட்டுக் காப்பது முதலாய, எப்பொறிக்கும் பொதுவான பகுதி ஒன்று. பொறிக்குப் பொறி வேறுபடும் பகுதி மற்றொன்று. பின்னதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்பது அதன் பொருள். பெருங்கணினிகளில் இவ்வகைப் பிரிவினை முன்னரும் ஒருவாறு உண்டு. மேசைமேல் வைக்குஞ் சிறு கணினிக்கு அதனைக் கொணர்ந்தது இவர் செயல்.

இப்பிரிவினையின் சிறப்பு, இரு பகுதிக்கும் இடையே வைத்த வாயில்களின் சிறுமையில் உளது. சி.பி.எம். 2.2 ஆம் பதிப்பில் அவை 17 மட்டுமே: விசையழுத்தப்பட்டதா என்று கேட்பது ஒன்று, எழுத்தொன்றை வாங்குவது ஒன்று, திரைக்கு அனுப்புவது ஒன்று, தடத்தைக் குறிப்பது, பகுதியைக் குறிப்பது, படிப்பது, எழுதுவது என இவ்வாறே பிறவும். வாயிலுக்கு அப்பால் பொறி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை மேற்பகுதி அறியவே அறியாது. தட்டிலிருந்து படித்தது பிழையாயின், உடனே தோல்வி கூறாமல் குறைந்தது பத்து முறையேனும் மீண்டும் முயல வேண்டுமென்பதும் கீழ்ப்பகுதிக்கு விதிக்கப்பட்டது.

பொறி செய்வோர்க்கென வெளியிட்ட வழிகாட்டி நூல், இயக்கி எழுதுவார் இன்றும் படிக்கத் தக்கது. எலும்புக் கூடு போன்ற பயாஸ் நிரலொன்றை அஃது அச்சிட்டுக் கொடுத்து, தசையைத் தாமே பொருத்திக்கொள்ள விட்டது. வேலை செய்யும் முறையையும் படிப்படியாக வகுத்தது. முதலில் தட்டைப் படிக்க மட்டும் வல்ல சிறு நிரலை எழுதுக. அதனை வெற்றுத் தட்டில் ஓட்டிப் பார்க்க. படித்தது சரியா என்பதோடு, படிக்கும்போது தட்டில் ஏதேனும் மாறிற்றா என்றும் நோக்குக. அதன் பின்னரே எழுதும் நிரலுக்குச் செல்க. அதனையும் வெற்றுத் தட்டிலேயே சோதிக்க. இதுவே அதன் போக்கு. வெடிமருந்தை ஒருசேரக் குவித்துக் கலவாத ஊரார்க்கு இதன் காரணத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. படிக்கப் புகுந்த நிரல் தவறி ஓரெழுத்தை எழுதிவிடின், முழுத் தட்டும் பாழாம்.

இத்தனையும் இருந்தும் குறையொன்று இருந்தது. பயாஸ் ஒரே கட்டியாய் அமைந்ததனால், கருவியொன்றைப் புதிதாகச் சேர்க்கக் கட்டி முழுவதையும் மீண்டும் உருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பாக இயக்கியைச் சேர்க்கும் முறை, பிறர் செய்த எம்.எஸ்.டாஸ் 2.0 பதிப்பில் 1983 இல் வந்தது.

சி.பி.எம். 1976 இல் 70 டாலருக்கு விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளிற் பல நிறுவனங்களின் பொறிகளிற் பரவிற்று. கில்டாலும் அவர் மனைவி டாரத்தியும் நிறுவிய டிஜிட்டல் ரிசர்ச் செழித்தது. 1980 இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் தாம் செய்யவிருந்த கணினிக்கு இயங்குதளம் தேடி அவர் மனைக்கு வந்தனர். விமானமோட்டுதலில் விருப்புடைய கில்டால் அன்று காலை வணிக வேலையாக விமானத்திற் சென்றிருந்தார். இரகசியக் காப்பு ஒப்பந்தத்திற் கையெழுத்திட டாரத்தி தயங்கினார். பின்னர் நிகழ்ந்தது பற்றிச் சான்றோர் கூற்று ஒவ்வாது. முடிவில் ஐ.பி.எம். பெற்றது, டிம் பேட்டர்சன் சி.பி.எம்.மை ஒட்டி எழுதி, மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கிய நிரல். சி.பி.எம்.மும் அக்கணினிக்கு விற்கப்பட்டதெனினும், அதன் விலை 240 டாலர். எதிராளியின் விலை 40 டாலர். வாங்குவோர் எதனை வாங்கினர் என்பது சொல்லாமலே விளங்கும். வேடிக்கைக்காக வானில் உலவி வாய்ப்பை இழந்தார் என்னும் பேச்சு அவரை இறுதிவரை வருத்திற்று. நமக்கு அப்பேச்சு சிறுமை யுடையதாகவே தோன்றுகின்றது. ஐ.பி.எம். விற்ற அந்த இயங்குதளமும் பொறிக்குரிய கோப்பு வேறு, பொதுக் கோப்பு வேறு என இரண்டாகவே பிரிக்கப்பட்டிருந்தது. பயாஸ் என்ற பெயரும் அவர் இட்டதே.

கில்டால் 1991 இல் தம் நிறுவனத்தை நோவெல் என்பாருக்கு விற்றார். 1994 ஜூலையில் மான்டெரேயில் தலையிற் பட்ட காயத்தால் துன்புற்று, 11 ஆம் நாள் தம் 52 ஆம் வயதில் மறைந்தார். 2014 இல், பசிபிக் குரோவில் அவர் நிறுவனம் இருந்த மனையின்முன் பொறியாளர் சங்கத்தார் நினைவுத் தகடு பதித்தனர். அவ்வாண்டே கணினி வரலாற்றுக் காட்சிச்சாலையார் சி.பி.எம்.மின் பழைய மூலநிரலை யாவரும் படிக்குமாறு வெளியிட்டனர்.