ஆறு மீட்டர் கல்வெட்டு: கேப்டன் ட்ரைப்பின் கதை

பெரம்பலூர்லயும் அரியலூர்லயும் படிக்கிற நமக்கு தஞ்சாவூர் பெரிய கோயில் ஒரு பஸ் தூரம்தான். போவோம், நந்தி பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி, விமானம் முழுசா வர்ற மாதிரி ஒரு போட்டோ, முடிஞ்சது. அதே விமானத்தை 1858ல ஒருத்தர் போட்டோ எடுத்தார். அவர் பேர் லினேயஸ் ட்ரைப். அவர் எடுத்த ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் ஒரு இன்ஜினியரிங் முடிவு இருக்கு. அதனாலதான் அவரைப் பத்தி இந்த இதழ்ல எழுதத் தோணுச்சு.

ட்ரைப் 1822ல இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். டீன் ஏஜிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்துட்டார். 1850களின் தொடக்கத்தில் லீவுல ஊருக்குப் போனபோதுதான் அவருக்கு போட்டோகிராபி பழக்கமாச்சு. 1853ல லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். இந்தியா திரும்பினதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855ல பர்மாவுக்குப் போன அரசுத் தூதுக்குழுவோடு போய் எடுத்த படங்களில் 120 தொகுப்பா வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் சென்னை மாகாண அரசு அவரை அதிகாரபூர்வ போட்டோகிராபர் ஆக்குச்சு.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, சேலம் பக்கம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு. சில மாதங்களில் இத்தனை ஊர். ரயில் இல்லாத காலம், எல்லாச் சாமானும் மாட்டு வண்டியில்தான்.

அவ்வளவு பெரிய நெகட்டிவ் எதுக்கு?

இன்னைக்கு சின்ன சென்சார்ல எடுத்து எவ்வளவு வேணும்னாலும் பெருசு பண்ணிக்கலாம். அந்தக் காலத்துல அந்த வசதி நடைமுறைக்கு வரலை. நெகட்டிவைத் தாள் மேல வச்சு அழுத்தி, வெயில்ல காட்டி பிரின்ட் எடுக்கணும். நெகட்டிவ் என்ன சைஸோ படமும் அதே சைஸ். அதனால ட்ரைப்போட நெகட்டிவ் ஏறக்குறைய 10க்கு 14 அங்குலம். நம்ம ஏ4 தாளைவிடப் பெருசு.

சைஸ் பெருசானா லென்ஸும் மாறணும். சாதாரணப் பார்வைக்கோணம் வேணும்னா லென்ஸின் குவியத்தூரம் நெகட்டிவின் மூலைவிட்டத்துக்குச் சமமா இருக்கணும். பித்தாகரஸ் போட்டுப் பாருங்க, 17 அங்குலத்துக்கு மேல வரும், அதாவது கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான லென்ஸ்ல முன்னாடி இருக்கிற தூணும் பின்னாடி இருக்கிற கோபுரமும் ஒண்ணா ஷார்ப்பா வராது. துளையைச் சின்னதாக்கினா வரும். ஆனா வெளிச்சம் குறையும், எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்கில் போகும்.

1840லேயே பெட்ஸ்வால் லென்ஸ் வந்துடுச்சு, வெளிச்சத்தை நிறைய உள்ள விடும். ஆனா நடுவுல மட்டும்தான் கூர்மை, ஓரமெல்லாம் மங்கும். முகத்தை எடுக்க அது போதும். கோயிலுக்கு ஓரமும் முக்கியம். அதனால அந்தக் காலத்துல கட்டடம் எடுக்கிறவங்க மெதுவான, ஆனா பெரிய பரப்பை மூடுற லேண்ட்ஸ்கேப் லென்ஸ் பக்கம் போனாங்க. கோபுரம் ஓடிப் போகப் போறதில்லையே!

கண்ணாடியா, பேப்பரா?

பெரிய முடிவு இதுதான். அப்போ புதுசா வந்திருந்த வெட் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காயுறதுக்குள்ள படம் எடுத்து, டெவலப்பும் பண்ணி முடிக்கணும். படம் நல்லா ஷார்ப்பா வரும். ஆனா நம்ம ஊர் வெயில்ல தகடு எவ்வளவு சீக்கிரம் காயும்னு சொல்லணுமா? எடையும் இருக்கு. 3 மில்லிமீட்டர் தடிமன்னு வச்சுக்கிட்டா அந்த சைஸ்ல ஒரு தகடு 700 கிராம் கிட்ட வரும். நூறு தகடுன்னா 70 கிலோ, அதுவும் குண்டும் குழியுமான வண்டிப்பாதையில்.

ட்ரைப் பெரும்பாலும் நம்பினது மெழுகு பூசின பேப்பர் நெகட்டிவை. பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1851ல வெளியிட்ட முறை. முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம், எடுத்த உடனே டெவலப் பண்ணணும்னு கட்டாயமில்லை, உடையாது. ஆனா எக்ஸ்போஷர் அதிகம், வெயில்ல மெழுகு இளகும். அதுக்காக ட்ரைப் ரசாயனக் கலவையையே நம்ம தட்பவெப்பத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. அந்த ரசாயனங்கள் நீல ஒளிக்கு மட்டும் ரொம்ப வேகமா வேலை செய்யும். அதனால வானம் வெறும் வெள்ளையா, திட்டுத் திட்டா வரும். ட்ரைப் பிரஷ் எடுத்து நெகட்டிவ் மேலயே வண்ணம் பூசி வானத்தைச் சரி பண்ணினார், மேகம்கூட வரைஞ்சார். போட்டோஷாப் அப்பவே இருந்திருக்கு!

தஞ்சையில்

விமானத்தின் அடித்தளத்தைச் சுத்தி ஓடுற கல்வெட்டை ஒரே படத்துல அடக்க எந்த லென்ஸாலும் முடியாது. ட்ரைப் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி வரிசையா எடுத்தார். 21 பிரின்ட்களை ஒட்டி, கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வெளிச்சமும் தூரமும் மாறாம பார்த்துக்கணும், வரியும் வரியும் பொருந்தணும். தஞ்சாவூர் தொகுப்புக்குக் குறிப்பு எழுதினவர் யார் தெரியுமா? பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி.யு.போப். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் முறையாப் படிச்சு அச்சில் கொண்டுவர ஆரம்பிச்சது 1890களில்தான். அதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே எழுத்துகள் படமாகிடுச்சு.

இது ஏன் முக்கியம்னு அரியலூர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1836ல அணைக்கரையில் கீழணை கட்ட, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனாங்க. போட்டோகிராபி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839ல. அந்தக் கற்களில் என்னென்ன எழுதியிருந்துச்சோ, அதைப் பார்க்க ஒரு படம்கூட நமக்கு இல்லை. ராஜேந்திரன் கட்டின மதில் போச்சு. அவன் அப்பா கோயிலின் எழுத்துக்கு ஆறு மீட்டர் சாட்சி இருக்கு.

செலவுன்னு சொல்லி மூடினாங்க

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசு கஜானா காலி. 1859ல கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு போட்டோகிராபி ஒரு ஆடம்பரச் செலவாத் தெரிஞ்சது. ட்ரைப்போட பிரிவை மூட உத்தரவு போட்டார். 1860க்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அப்போ ட்ரைப்புக்கு வயசு முப்பத்தெட்டு. அதுக்கப்புறம் அவர் கேமராவைத் தொட்டதே அபூர்வம். ராணுவ வேலைக்கே திரும்பினார், 1870களில் ஓய்வு பெற்று பிறந்த ஊருக்குப் போனார், 1902ல இறந்தார். முழு மூச்சாப் படமெடுத்தது ஆறே வருஷம்தான்.

அந்தப் பேப்பர் நெகட்டிவ்களில் பல இன்னும் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் பத்திரமா இருக்கு. 2014-15ல வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு மூணு ஊர்ல அவர் படங்களுக்குன்னே தனிக் கண்காட்சி நடந்துச்சு.

அடுத்த தடவை பெரிய கோயில் போனா, விமானத்தை அண்ணாந்து பார்த்துட்டு அப்படியே கீழேயும் பாருங்க. அடித்தளக் கல்லுல வரிவரியா எழுத்து ஓடும். கங்கைகொண்ட சோழபுரத்துலயும் அதே மாதிரி மிச்சம் இருக்கு. சாயங்காலம் சாய்வா வெயில் விழும்போது எழுத்து நல்லாத் தெரியும். போனை சுவருக்கு நேரா, ஒரே தூரத்துல பிடிச்சு, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்துலயும் வர்ற மாதிரி நகர்ந்துக்கிட்டே எடுங்க. நமக்கு மாட்டு வண்டியும் வேண்டாம், மெழுகும் வேண்டாம்.