சுரங்கத்திலிருந்து வந்த இளைஞன்

1904 ஒக்டோபர் 31 ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு. தென் வேல்ஸிலுள்ள லொகர் என்னும் சிற்றூரின் மோரியா தேவாலயத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து ஊரார் வீடு திரும்பிய பின்னரும் 17 பேர் மாத்திரம் தங்கியிருந்தனர். பெரும்பாலும் இளவயதினர். அவர்களைத் தங்கும்படி அழைத்தவர் 26 வயதான இவான் ரொபர்ட்ஸ். உலகெங்கும் பேசப்பட்ட வேல்ஸ் எழுப்புதலின் தொடக்கமாக அவ்விரவையே பலரும் குறிப்பிடுவர்.

1878 ஜூன் 8 இல் பிறந்த இவர், தந்தை காயமுற்றதால் பள்ளிப் படிப்பை விட்டுச் சுமார் 12 வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். வேதாகமத்தைச் சுரங்கத்தினுள்ளும் கொண்டுசென்றார். பின்னர் உறவினரிடம் கொல்லுத்தொழில் பயின்றார். ஊழியத்திற்கு ஆயத்தமாகும் பொருட்டு நியூகாசல் எம்லின் பாடசாலையிற் சேர்ந்த சில வாரங்களிலேயே, செப்டெம்பர் 29 இல் பிளேனனேர்ச் கூட்டத்திலே அவரது உள்ளம் உடைந்தது. வகுப்பறையில் மனம் தரிக்கவில்லை, ஊருக்கே திரும்பினார்.

எனினும் எழுப்புதலை அவர் ஒருவரே மூட்டினார் என்பது நேர்மையான வரலாறன்று. அதே ஆண்டு பெப்ரவரியில், நியூ கீ என்னும் கரையோர ஊரில் போதகர் ஜோசப் ஜென்கின்ஸ் நடத்திய இளைஞர் கூட்டத்தில், புளோரி இவான்ஸ் என்ற இளம்பெண் எழுந்து, தாம் இயேசுவை முழு மனதோடு நேசிப்பதாக அறிக்கையிட்டார். அந்தச் சிறு வாக்கியமே அவ்வூர் இளைஞரை அசைத்தது. அப்பெண்ணை நாம் மறந்துவிடலாகாது.

ரொபர்ட்ஸின் கூட்டங்களில் நீண்ட பிரசங்கமில்லை. பாடலும் ஜெபமும் பாவ அறிக்கையும் விடியும்வரை தொடர்ந்தன. இளம்பெண்கள் பாடியும் ஜெபித்தும் முன்னின்றனர். தவறணைகள் வெறிச்சோடின. வழக்குகள் இல்லாத நாளில் நீதிவானுக்கு வெண்கையுறை வழங்கும் மரபு பல இடங்களில் நிறைவேறிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மனந்திரும்பினர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. 1905 இல் அதன் அலை, வேல்ஸ் மிஷனரிகள் பணியாற்றிய காசி மலைகளையும், அதாவது இன்றைய மேகாலயாவையும் எட்டியது.

ஆனால் இதற்கு அந்த இளைஞர் கொடுத்த விலை பெரிது. 'வெஸ்டேர்ன் மெயில்' பத்திரிகை அவரை நாடறிந்தவராக்கியது. அதே பத்திரிகையில் 1905 ஜனவரியில் பீற்றர் பிரைஸ் என்ற போதகர், அவரது எழுப்புதல் போலியானதெனக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் ரொபர்ட்ஸ் ஒரு வாரம் எவருடனும் பேசாது மௌனங் காத்தார். ஓய்வின்றி உழைத்த உடலும் மனமும் 1906 இல் முற்றாகத் தளர்ந்தன. இங்கிலாந்தின் லெஸ்டருக்கு அண்மையில், ஜெசி பென்-லூயிஸ் அம்மையாரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்து, பல ஆண்டுகள் வெளியுலகிலிருந்து விலகி ஜெபத்தில் கழித்தார். உடைந்துபோனாரென்று சிலர் இரங்கினர். தேர்ந்துகொண்ட மறைவென்று வேறு சிலர் கருதினர். இரண்டிலும் உண்மையிருக்கலாம்.

பிற்காலத்தில் வேல்ஸ் திரும்பி, பெரிய கூட்டங்கள் எதுவுமின்றி வாழ்ந்த அவர், 1951 ஜனவரி 29 இல் தமது 72 ஆவது வயதில் கார்டிப் நகரிற் காலமானார். 17 பேருடன் அமர்ந்திருந்த அதே மோரியா தேவாலயத்தின் பின்புறத்திலே, குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.