தாமே எழுதப் பழகிய இதழாசிரியர்

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே மணமுடிக்கப்பெற்றுச் சென்னைத் திருவல்லிக்கேணியில் புகுந்தார். பள்ளி வாயிலை மிதித்தவரல்லர். உயர்குலமெனப் பேசப்பட்ட இல்லத்திலும் பெண்ணுக்குப் பள்ளி எட்டாதிருந்ததை நம் இளைஞர் நோக்குதல் வேண்டும்.

முதல் நாடகமாகிய 'இந்திர மோகனா'வை அவர் வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னரே அவர் தாமாக எழுதப் பழகினார். கணவர் பார்த்தசாரதி தடை சொல்லாது துணைநின்றார். அக்காலத்தில் இஃது அரிது. 1925இல், நலிந்திருந்த 'ஜகன்மோகினி'யை ஏற்று ஆசிரியரானார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். நாவல்கள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை! கள்ளுக்கடை மறியலுக்காகச் சிறையும் புகுந்தார். 1960இல் மறைந்தார்.

முதியோர் வகுப்பில், வயது கடந்ததெனத் தயங்கும் தாய்மார்க்கு யான் கூறுவது பட்டம்மாள் எழுதித்தந்த அந்நாடகக் கதையையே. மறுநாளும் சிலேட்டுடன் வந்தவர் உளர்.