மனூச்சி: அரண்மனையின் நாடி பார்த்தவர்

முத்தையாபுரத்தை அடுத்த தூத்துக்குடிக் கடலின் முத்தையும் மலையாளக் கரையின் மிளகையும் நாடி ஐரோப்பியர் பலர் இந்தியாவிற்கு வந்தனர். வாங்கப் பொருளோ விற்கச் சரக்கோ இல்லாமல் வந்த இளைஞர் ஒருவர், முகலாய இளவரசரின் மருத்துவராக உயர்ந்தார். பின்னர்ச் சென்னையில் குடியேறித் தாம் கண்டவற்றை வரலாறாக எழுதினார். அவரே நிக்கோலோ மனூச்சி.

இளமையும் பயணமும்

மனூச்சி 1638ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிசு நகரில் பிறந்தார். 1653இல் வீட்டாருக்குத் தெரியாமல் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டு புறப்பட்டார். அக்கப்பலில் பயணம் செய்த பெல்லமான்ட் பிரபு என்னும் ஆங்கிலேயத் தூதர் அவரைத் தம் பணியாளராக ஏற்றார். துருக்கி, பாரசீகம் வழியாக இருவரும் 1656இல் சூரத்தை அடைந்தனர். அவ்வாண்டிலேயே, டெல்லிக்குச் செல்லும் வழியில் தூதர் காலமானார். துணையின்றி நின்ற மனூச்சிக்குப் பயணத்தில் கற்ற துருக்கி, பாரசீக மொழிகளே கைகொடுத்தன. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுகோ, மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் அவரைத் தம் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்.

1658இல் நடைபெற்ற சாமுகர் போரில் தாரா தம் இளவல் ஔரங்கசீப்பிடம் தோற்றார். வென்றவர் பக்கம் பலர் சாய்ந்தனர். மனூச்சியோ தோற்றவரைத் தேடி லாகூர் வரை சென்றார். மறு ஆண்டு தாரா கொல்லப்பட்ட பிறகும் ஔரங்கசீப்பின் படையில் சேர அவர் உடன்படவில்லை. பிழைப்புக்கு வேறு வழி தேவைப்பட்டது.

மருத்துவப் பணி

மனூச்சி மருத்துவக் கல்லூரி எதிலும் பயின்றவர் அல்லர். பட்டறிவே அவருக்குப் பள்ளியாயிற்று. லாகூரில் மருத்துவம் செய்து பெயர் பெற்ற அவரை, ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலம் தம் மருத்துவராக அமர்த்திக்கொண்டார். அந்தப்புரத்திற்குள் செல்லும் மருத்துவரின் தலைமுதல் இடைவரை துணியால் மூடி அழைத்துச் செல்வது அக்கால வழக்கம். நோயுற்ற அரசமகளிர் திரைக்குப் பின்னிருந்து கையை மட்டும் நீட்டுவர். நாளடைவில், மனூச்சியை முகம் மூடாமலே அழைத்துவருமாறு ஷா ஆலம் ஆணையிட்டார்.

அந்நம்பிக்கையே அவருக்குத் தளையும் ஆயிற்று. பணியிலிருந்து விடுபட விரும்பிய அவருக்கு இளவரசர் விடைகொடுக்கவில்லை. எனவே அவர் தப்பிச் சென்று கோல்கொண்டாவை அடைந்தார். அங்கிருந்து சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்தார்.

சென்னை வாழ்வு

1686இல் எலிசபெத் கிளார்க் என்னும் கைம்பெண்ணை மணந்து, மனூச்சி சென்னையிலேயே தங்கினார். முகலாய அரசவையின் நடைமுறைகளை நன்கறிந்த அவரைச் சென்னை ஆளுநர் தாமஸ் பிட் தூதராகப் பயன்படுத்தினார். நவாபு தாவூத்கான் படையுடன் வந்து நெருக்கடி தந்த காலத்தில், ஆங்கிலேயர் சார்பில் அவரிடம் சென்று பேசியவர் மனூச்சியே.

எழுதிய வரலாறு

தம் ஆட்சியின் முதற் பத்தாண்டுகளுக்குப் பின், அரசவை வரலாறு எழுதப்படுவதை ஔரங்கசீப் நிறுத்திவிட்டார். அந்நிலையில், அரண்மனைக்குள் நடமாடிய மருத்துவர் ஒருவரின் நினைவுகள் அரிய சான்றாயின. செவிவழிச் செய்திகளையும் மனூச்சி கலந்தே எழுதினார். ஆகவே, அவர் நேரில் கண்டதையும் கேட்டு எழுதியதையும் வரலாற்றாய்வாளர்கள் பிரித்தறிந்தே பயன்படுத்துகின்றனர்.

அவர் ஐரோப்பாவிற்கு அனுப்பிய கையெழுத்துப்படியை எடுத்தாண்டு, 1705இல் கத்ரூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தாமே ஒரு நூல் வெளியிட்டார். வெகுண்ட மனூச்சி, தம்மிடமிருந்த படிகளை வெனிசு நாட்டின் ஆட்சி மன்றத்திற்கு அனுப்பி நீதி வேண்டினார். ஆயினும் அவர் வாழ்நாளில் அந்நூல் அவர் எழுதியவாறு அச்சேறவில்லை. பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே அவர் சோழமண்டலக் கடற்கரையில் மறைந்தார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் இர்வின் அப்படிகளைத் தேடியெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1907, 1908ஆம் ஆண்டுகளில் அது நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. பிறர் எடுத்தாண்ட உழைப்பு, அதன்பின்னரே உரியவரின் பெயரால் உலகெங்கும் படிக்கப்பட்டது.