4 பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பிராந்தி, சில மாத்திரைகள்: டாம் சிம்ப்சனின் உயிரைக் குடித்தது எது?

மாரத்தான் ஓடுகிறவர்கள், நாள் முழுக்க சைக்கிள் மிதிக்கிறவர்கள் பாக்கெட்டில் இப்போதெல்லாம் காஃபீன் கலந்த குட்டி ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கும். எதை, எப்போது, எவ்வளவு குடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போட்டிக்கே கிளம்புகிறார்கள். 60 வருஷத்துக்கு முன்னால் இந்தக் கணக்கே வேறு. அந்தக் காலத்துக் கணக்கில் உயிரை விட்டவர், பிரிட்டனின் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன்.

யார் இந்த சிம்ப்சன்?

இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வீட்டில், 6 பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1937 நவம்பர் 30-ம் தேதி பிறந்தார். பிறகு குடும்பம் ஹார்வொர்த் என்ற இன்னொரு சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் குழுப் போட்டியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு 19 வயதுதான்.

ஆனால் சைக்கிளை நம்பிச் சாப்பிட வேண்டும் என்றால் அன்று ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும். 1959-ல் 100 பவுண்ட் சேமிப்போடு பிரான்ஸுக்குப் போனார். 1961-ல் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் வெற்றி. 1962-ல் டூர் டி பிரான்ஸின் மஞ்சள் ஜெர்சியை அணிந்த முதல் பிரிட்டன்காரர். 1963-ல், ஒரே மூச்சில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டிய போர்தோ–பாரிஸ் போட்டியில் முதலிடம். 1965-ல் உலக சாம்பியன். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைக்கான பிபிசி விருதும் அவருக்கே.

அப்புறம் சறுக்கல். 1966 தொடக்கத்தில் பனிச்சறுக்கு விளையாடப் போய் காலை உடைத்துக்கொண்டார். உலக சாம்பியன் ஜெர்சியை வைத்து சம்பாதித்திருக்க வேண்டிய ஆண்டு அப்படியே கையை விட்டுப் போனது. அந்த வருஷ டூர் டி பிரான்ஸில் கீழே விழுந்து பாதியிலேயே வெளியேறினார். மனைவி, 2 பெண் குழந்தைகள், அடுத்த சீசன் ஒப்பந்தம்... இத்தனையையும் சுமந்துகொண்டுதான் 1967 டூருக்கு வந்தார்.

வயிறு சரியில்லை, வெயிலோ 40 டிகிரி

போட்டியின் நடுவிலேயே வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. விலகியிருக்கலாம். ஆனால் ஒட்டுமொத்தப் பட்டியலில் 7-வது இடத்தில் இருந்தவர் விலகுவாரா?

ஜூலை 13. மார்செய் நகரிலிருந்து கார்ப்பென்ட்ரா வரை 211 கிலோமீட்டர். வழியில் 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மோன் வென்டூ மலை. அதன் மேல்பகுதியில் நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது, வெள்ளைக் கற்கள்தான். வெயில் 40 டிகிரியைத் தாண்டியது.

அன்றைய விதிப்படி ஒரு வீரருக்கு 4 பாட்டில், அதாவது சுமார் 2 லிட்டர்தான். தண்ணீர் நிறையக் குடித்தால் வேகம் குறையும் என்ற நம்பிக்கை இருந்த காலம் அது. கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 1 லிட்டர் வியர்வை என்று குறைவாக வைத்தாலே, 6 மணி நேர ஓட்டத்தில் 6 லிட்டர் போய்விடும். உள்ளே போவது 2 லிட்டர். சிம்ப்சனுக்கு வயிற்றுப்போக்கில் போனது தனி.

பற்றாக்குறையைச் சமாளிக்க வீரர்கள் வழியோர கஃபேக்களுக்குள் புகுந்து கையில் சிக்கியதை அள்ளிக்கொண்டு வருவது வழக்கம். கோலா, பீர், ஒயின், எது கிடைத்தாலும் சரி. சிம்ப்சன் அன்று குடித்தது பிராந்தி என்று போட்டியில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். பிராந்தி தெம்பு தரும், வயிற்றுக்கும் நல்லது என்ற பழைய நம்பிக்கை. உண்மையில் அது உடம்பிலிருந்து நீரை இன்னும் வெளியேற்றத்தான் செய்யும்.

உச்சிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சைக்கிள் தள்ளாட ஆரம்பித்தது. விழுந்தார். போதும் என்று மெக்கானிக் ஹாரி ஹால் தடுத்தும் கேட்கவில்லை. மறுபடி ஏற்றிவிடச் செய்து மிதித்தார். சில நூறு மீட்டரில் மீண்டும் சாய்ந்தார். கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தபடி இருந்தன, விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஹெலிகாப்டரில் அவின்யோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாலை 5.40-க்கு இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. வயது 29.

மாத்திரை என்ன செய்தது?

ஜெர்சி பாக்கெட்டில் ஆம்பெட்டமின் மாத்திரைக் குப்பிகள் இருந்தன. 2 காலி, ஒன்றில் பாதி. பிரேதப் பரிசோதனையில் ஆம்பெட்டமினும் ஆல்கஹாலும் தெரியவந்தன. ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் பிரான்ஸில் 1965-லேயே வந்துவிட்டது. 1966 டூரில் முதல் சோதனை நடந்தபோது வீரர்கள் அடுத்த நாளே சைக்கிளை விட்டு இறங்கி எதிர்ப்புக் காட்டினார்கள். அதாவது, சிம்ப்சன் மட்டும் செய்த காரியமல்ல இது.

மாத்திரை சாப்பிட்டுச் செத்தார் என்று ஒரே வரியில் முடிப்பது பாதி உண்மைதான். உடம்பு சூடேறும்போது களைப்பு வந்து நம்மை நிறுத்தும். அது ஒரு எச்சரிக்கை மணி. ஆம்பெட்டமின் அந்த மணியை அணைத்துவிடும். தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடு வெளியேறுவதையும் தடுக்கும். தண்ணீர் வற்றிய உடம்பு, மதுவும் உள்ளே, நிறுத்தச் சொல்லும் மணியோ அணைந்துவிட்டது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் அன்று வெறுமனே தோற்றுப்போய் வீடு திரும்பியிருக்கலாம். தண்ணீருக்கு வரம்பு போட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதை ஏனோ பலர் பேசுவதில்லை.

1968 டூரில் தினமும் ஊக்கமருந்துச் சோதனை வந்தது. தண்ணீர்க் கட்டுப்பாடும் பின்னாளில் போனது. மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏறி வருகிறவர்கள் தங்கள் தண்ணீர் பாட்டிலை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படியென்றால் காஃபீன்?

அதுவும் ஊக்கப்பொருள்தான், ஆனால் ஆம்பெட்டமின் ரகம் இல்லை. ஒலிம்பிக் போட்டிகளில் 1984 முதல் அதற்கு வரம்பு இருந்தது. 2004 ஜனவரியில் தடைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும் என்பது ஆய்வுகளின் பொதுவான கணக்கு. 60 கிலோ எடைக்கு 180 மில்லிகிராம், கிட்டத்தட்ட 2 கப் காபி. குடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். இந்த அளவில் உடம்பை வறட்டாது. ஆனால் வயிறு கெட்டிருந்தால் இன்னும் கெடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். போட்டி நாளில் முதல்முறையாகப் பரிசோதிக்க வேண்டாம், பயிற்சியிலேயே குடித்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரிலும் இன்று எதிர்த்திசை ஆபத்து ஒன்று இருக்கிறது. பயந்துபோய் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம். தாகத்துக்குக் குடிப்பதும், நீண்ட ஓட்டத்தில் கொஞ்சம் உப்பு சேர்ப்பதும்தான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் வழி. வயிற்றுப்போக்கோடு வெயிலில் இறங்குகிறவருக்கு அவர்கள் எந்தப் பானத்தையும் சொல்வதில்லை, அன்றைக்கு ஓடாதீர்கள் என்றுதான் சொல்வார்கள்.